ஆங்கிலம் பழகுவோம்: பென்னிக் காசும் கால் கழுவுதலும்

மகாராஜபுரத்து வாசகர் ஒருவரின் கடிதம் இத்திங்கள் நமக்கு வந்துள்ளது. அவருடைய மகள் செவிலியர் கல்வி முடித்து, ஆங்கிலத் தேர்விலும் நன்கு தேறி, இங்கிலாந்தில் முதியோர் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றுகிறார். ஓரிரவு, 80 வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் அப்பெண்ணை அழைத்து, தாம் 'ஸ்பெண்ட் எ பென்னி' செய்யவேண்டும் என்றாராம். ஒரு பென்னியைச் செலவிடவேண்டும் என்பது நேர்ப்பொருள். இந்நேரத்தில் கடை ஏது என்றெண்ணி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என ஆறுதல் கூறி, போர்வையைச் சரிசெய்துவிட்டு அப்பெண் அகன்றுவிட்டார். சற்று நேரத்தில் படுக்கை நனைந்தது. மூதாட்டி வெட்கத்தால் அழுதார், செவிலியும் அழுதார். "இத்தகைய சொற்களைக் கற்பிக்கும் நூல் எது?" என்று தந்தை கேட்கிறார்.

நூல்கள் பல உள. முதலில் அப்பென்னியின் கதையைக் கூறிவிடுவோம். 1851-ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் பொதுக் கழிப்பிடங்களை அமைத்தார். கட்டணம் ஒரு பென்னி. பிற்காலத்தில் எழுந்த பொதுக் கழிப்பிடங்கள் பலவற்றிலும் கதவு திறக்க அக்காசையே இடவேண்டியிருந்தது. கட்டணம் மாறியபின்னும் முதியோர் நாவில் தொடர் தங்கிவிட்டது.

இது நமக்குப் புதிதன்று. "கால் கழுவி வருகிறேன்" என்று வீட்டுப் பெரியவர் கூறினால், காலில் சேறோ என்று எவரும் குனிந்து பார்ப்பதில்லை. நன்னூல் இதனை இடக்கரடக்கல் என்கிறது. இறந்தார் என்னாமல் துஞ்சினார் என்பது மங்கலம். ஒரு தொழிலார் தமக்குள் வழங்குவது குழூஉக்குறி. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த இம்மூன்றையும் மீண்டும் நினைவுகூர்ந்து, காதில் விழும் ஆங்கிலத் தொடர் எவ்வகையைச் சார்ந்தது என்று பார்ப்பதே நாம் கூறும் வழி. 'பாஸ்ட் அவே' மங்கலம். 'கிக் த பக்கெட்', அதாவது வாளியை உதைத்தல், அதே சாவைத்தான் குறிக்கும்; ஆயினும் அது நம் 'மண்டையைப் போட்டான்' போன்றது. துக்க வீட்டில் அதனைக் கூறினால் என்ன ஆகும்? பொருளோடு, அது வழங்கும் இடத்தையும் கற்கவேண்டும்.

ஒத்த தோற்றமும் ஏமாற்றும். 'புல்லிங் யுவர் லெக்' என்பதைக் கேட்டு, நம்மைக் காலை வாரிவிடுகிறார்கள் என்று வருந்த வேண்டா. நம் வழக்கில் அது துரோகம். அவர்கள் வழக்கில் வெறும் கேலி. கைகழுவுதலோ இரு மொழிக்கும் பொது. பிலாத்து நீர் கொண்டு கைகழுவிய காட்சியை (மத் 27:24) அறிந்தவர்க்கு அதனை விளக்கவும் வேண்டுமோ?

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் செந்தமிழுக்கு இலக்கணம் எழுதியதோடு அமையவில்லை. மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் இலத்தீனில் தனியே ஓர் இலக்கணம் வரைந்தார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தேம்பாவணி பாடிய புலவரே வீதித் தமிழை இழிவாக எண்ணி ஒதுக்கவில்லை.

ஐயா, தங்கள் மகளுக்கு எழுதுங்கள்: அம்மூதாட்டியே நல்லாசிரியர். விளங்காதபோது பொருள் கேட்டால் அவர் குறைவாக எண்ணார். கேட்ட தொடரைச் சொன்னவர் யார், எவ்விடத்தில் என்பதோடு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். விரைவில் 'அண்டர் த வெதர்' என்றும் எவரேனும் கூறக்கூடும். மழை வருகிறதா என்று சன்னலைப் பார்க்க வேண்டா. உடல் நலமில்லை என்பது பொருள். உடனே நாடி பார்க்கட்டும்.