மலையுச்சிக்கு ஒரு நாள்: சாரதி தூங்குவது எப்போது?



யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு மலை என்பது பாடப்புத்தகத்துப் படம்தான். கீரிமலை என்று ஓர் ஊர் இருக்கிறதே என்பீர்கள். போய்ப் பார்த்தால் அங்கே கேணியும் கடலும்தான் இருக்கின்றன. பனைமரத்தை விட்டால் கோயில் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும்தான் எங்கள் கண்ணுக்கு உயரம்.

வட்டுக்கோட்டையில் எனக்கு ஒரு பள்ளித் தோழி இருக்கிறாள். அவளும் அவள் ஒழுங்கையில் உள்ள பெண்களும் மாதாமாதம் சிறிது சிறிதாகச் சேர்த்து, வருடத்துக்கு ஒரு பயணம் போவார்கள். சென்ற விடுமுறைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் பீதுருதாலகால மலை. இலங்கையின் மிக உயர்ந்த சிகரம் அது. உயரம் 2524 மீற்றர். சிவனொளிபாத மலைக்குப் படியேறிப் போக வேண்டும். ஆனால் அதைவிட உயர்ந்த இந்த மலையின் உச்சிவரை வாகனம் போகும். முழங்கால் வலிக்காரருக்கும் ஆசை வராதா? "நீயும் வா" என்று என்னையும் அழைத்தாள்.

திட்டம் போடும் நாளன்று அவள் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பிள்ளைகளோடு பதினான்கு பேர். திட்டம் இதுதான்: வெள்ளி இரவு 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வானில் ஏறுவது, இரவோடிரவாக ஓடிச் சனி காலை நுவரெலியாவை அடைவது, 10 மணிக்கு உச்சி, பிற்பகல் 3 மணிக்குத் திரும்புதல், ஞாயிறு விடிவதற்குள் வீடு. ஒரே நாள் பயணம், தங்குமிடச் செலவே இல்லை! எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

அப்போது திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த தோழியின் தாயார் தலை நிமிர்ந்தார். "ஏன் பிள்ளையள், அந்தப் பெடியன் எப்ப நித்திரை கொள்ளுறது?" என்று கேட்டார்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்லப் பதிலும் இல்லை.

பிறகு கணக்குப் பார்த்தோம். வட்டுக்கோட்டையிலிருந்து ஏ9 வீதியால் தம்புள்ளை, மாத்தளை, கண்டி கடந்து, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஒரு வழிக்கே பதினொரு, பன்னிரண்டு மணி நேரம். சாரதித் தம்பி வெள்ளி காலை 6 மணிக்கு எழுந்தவர் என்று வையுங்கள். மலையுச்சிக்கு அவர் எங்களை ஏற்றும்போது 28 மணி நேரம் தூங்காமல் இருப்பார். றம்பொடை வளைவுகளில் இறக்கும்போது 34 மணி நேரம். வீடு வந்து சேரும்போது 45 மணி நேரம்!

சகோதரிகளே, ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், அளவு மீறத் தொடங்கிய குடிகாரருடையதைப் போல மந்தமாகிவிடுகின்றன என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அந்தக் கணக்கில், எங்கள் வான் வவுனியாவை நெருங்கும்போதே அந்த நிலை வந்துவிடும். குடித்தவர் ஓட்டும் வண்டியில் நம் பிள்ளைகளை ஏற்றுவோமா? தூங்காதவர் ஓட்டும் வண்டியில் மட்டும் ஏன் ஏற்றுகிறோம்? தேத்தண்ணி குடித்தால் போதும், பாட்டுப் போட்டால் போதும் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். தூக்கத்துக்குத் தூக்கம்தான் மருந்து.

2025 மே 11 அதிகாலையில், நுவரெலியா - கம்பளை வீதியில் கொத்மலை கரண்டியெல்லவில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நாங்கள் போக இருந்த அதே வீதி. அதே ஆண்டு செப்டம்பர் 4 இரவு, எல்ல - வெல்லவாய வீதியில், சுற்றுலா போய்த் திரும்பிக்கொண்டிருந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இவற்றின் காரணங்களை ஆராய்வது நம் வேலையல்ல. ஆனால் ஒன்று அதிகாலை, மற்றது இரவு. மலைவீதியில் இருட்டு நேரம் நமக்கு வேண்டாம் என்று முடிவெடுக்க இது போதாதா?

திட்டத்தை மாற்றினோம். பயணத்தை இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, இரண்டு இரவு தங்குவதற்கான பணத்தைச் சேர்த்தோம். காலையில் புறப்பட்டு முதல் இரவு கண்டியில். மறுநாள் பகலில் நுவரெலியா ஏறி, மலையுச்சியைப் பார்த்துவிட்டு, வெளிச்சத்திலேயே கண்டிக்கு இறங்கி மறுபடி தங்கல். மூன்றாம் நாள் வீடு. சாரதிக்கும் கட்டிலோடு ஓர் அறை எடுத்தோம். பல இடங்களில் அவரை வானுக்குள்ளேயே சுருண்டு படுக்க விட்டுவிடுகிறார்கள். பதினான்கு உயிரை அமானிதமாக ஒப்படைத்தவரை இப்படியா நடத்துவது?

மூன்று பேர் பயணம் போனாலும் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்வது நம் வழக்கம். நாங்களும் தோழியைத் தலைவியாக்கினோம். நேரம் பார்ப்பது, எல்லோருடைய அடையாள அட்டையையும் ஒரே பையில் வைத்திருப்பது, சாரதியோடு பேசுவது எல்லாம் அவள் பொறுப்பு. தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே வண்டியை நிறுத்தினோம். அந்த நிறுத்தங்கள் சாரதிக்கும் ஓய்வாயின.

அடையாள அட்டையை ஏன் சொல்கிறேன் என்றால், பீதுருதாலகால உச்சி பாதுகாப்புப் பகுதி. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது அதன் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் அங்கேதான் அமைந்தது. வழியில் சோதனைச் சாவடி உண்டு. நடந்து போக விடமாட்டார்கள், வாகனத்தில்தான் போக வேண்டும். அனுமதி நேரமும் விதிகளும் மாறக்கூடியவை. ஆகையால் புறப்படுமுன் நுவரெலியாவில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் குளிர் எப்படி என்று கேட்பீர்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும். வட்டுக்கோட்டையில் 31 பாகை என்றால் அங்கே 15. காற்று வீசினால் இன்னும் குளிரும். காற்றின் அழுத்தமும் கடல்மட்டத்தைவிடக் கால்வாசி குறைவு. விரைந்து நடந்தால் மூச்சு வாங்கும், தலை இலேசாகச் சுற்றும். இதயநோய், இழுப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். பெரிய பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுங்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். இன்னொரு வேடிக்கை: அந்த உயரத்தில் தண்ணீர் 92 பாகையிலேயே கொதித்துவிடும். தேயிலைச் சாயம் சரியாக இறங்காது. பிளாஸ்கில் தேநீர் கொண்டுபோனவர்கள் புத்திசாலிகள்.

உச்சியில் நாங்கள் நின்றது அரை மணி நேரம்தான். முதலில் ஒரே மூடுபனி. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. பிறகு காற்று அடித்துப் பனி விலகியது. கீழே நுவரெலியா நகரும் கிறகறி வாவியும் தெரிந்தன. போர்வையால் தலையை மூடிக்கொண்டு நின்ற தோழியின் தாயார் ஒன்றும் பேசவில்லை. எழுபது வயதில் அவர் பார்க்கும் முதல் மலை அது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்தில் வீதி மூடியிருந்தது. போர் முடிந்து 2009இல் ஏ9 திறந்தபோது முழங்கால் விடவில்லை. என் உம்மாவுக்கும் இப்படி ஒரு நாள் வாய்க்கவில்லையே என்று நினைத்தபோது என் கண்ணும் கலங்கியது.

திரும்பி இறங்கும்போதுதான் அந்தத் திட்டமாற்றத்தின் அருமை புரிந்தது. றம்பொடைப் பக்கம் வருகையில் எரிந்த வாடை ஒன்று மூக்கில் ஏறியது. "தம்பி, வாடை வருது, ஓரமா நிப்பாட்டுங்கோ" என்றாள் தோழி. அவர் உடனே நிறுத்தினார். இறக்கத்தில் பிறேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விடவே கூடாது. "கொஞ்சம் கூட மிதிச்சிட்டன் அக்கா" என்று அவரே ஒப்புக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஆற விட்டோம். பிறகு சிறிய கியரில் மெல்ல இறங்கினோம். நேரம் இருந்தது, வெளிச்சம் இருந்தது, சாரதியின் தலையும் தெளிவாக இருந்தது. ஞாயிறு விடிவதற்குள் வீடு என்று ஓடிக்கொண்டிருந்தால் அந்த முக்கால் மணி நேரத்தைக் கொடுத்திருப்போமா?

வானின் பின் இருக்கையில் இருக்கும் நாம் பொதுவாக வாய் திறப்பதில்லை. "அவருக்குத் தெரியாததா, நாங்கள் பெண்கள் என்ன சொல்வது?" என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். வாகனம் ஓட்டத் தெரியாவிட்டாலும் வாடை தெரியும், கண் செருகுவது தெரியும், வேகம் தெரியும். மடியில் பிள்ளை இருக்கும்போது மரியாதை பார்த்து மௌனமாக இருக்கலாமா? மரியாதையாகவே சொல்லலாம், ஆனால் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2025 நவம்பரில் டிட்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டதை அறிவீர்கள். மழைக்காலத்தில் புறப்படுமுன் மண்சரிவு எச்சரிக்கை உண்டா, வீதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். மலை எங்கும் போய்விடாது.

அடுத்த விடுமுறைக்கு வான் பேசும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் அந்தத் தாயார் கேட்டதைக் கேளுங்கள்: சாரதி எப்போது தூங்குவார்? அதற்குப் பதில் கிடைத்த பிறகு வாடகையைப் பேசுங்கள். இன்ஷா அல்லாஹ், போன எல்லோரும் திரும்பி வருவீர்கள்.

வஸ்ஸலாம்.