பல் டாக்டர்னா பணம் கொட்டுமா?

"ஒரு பல்லுக்கே இவ்வளவா? இவங்க காட்டுல மழைதான்!" ரூட் கெனால் பில்லைப் பார்த்துவிட்டு இப்படிப் புலம்பாத ஆளே கிடையாது. அதே ஆள்தான், மகளுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை என்றதும் நிலத்தை விற்றாவது பி.டி.எஸ். சேர்க்க ஓடுகிறார். அவருக்கு ஆதாரம் அந்தப் பில் மட்டும்தான்.

அந்தப் பில் டாக்டரின் சம்பளம் அல்ல சாமி. கிளினிக் வாடகை, நாற்காலி வாங்கிய கடனுக்குத் தவணை, கம்ப்ரசர், ஆட்டோகிளேவ், உதவியாளர் சம்பளம், கேப் செய்து தரும் லேபுக்குக் காசு... எல்லாம் போக மிஞ்சுவதுதான் வருமானம். மெடிக்கல் இன்சூரன்ஸும் பெரும்பாலும் சாதாரண பல் வைத்தியத்துக்குப் பணம் தருவதில்லை. ஜனங்களும் வலி உயிர் போகும்வரை கிராம்பை வைத்தே ஓட்டுகிறார்கள்.

வருடக் கணக்கையும் பாருங்கள். இன்ஜினியரிங் 4 வருடம். பி.டி.எஸ். பயிற்சியோடு 5. எம்.டி.எஸ். இன்னும் 3. கூடப் படித்தவன் நாலு இன்கிரிமென்ட் பார்த்த பிறகுதான் இவர் முதல் சம்பளத்தையே பார்க்கிறார். எம்.டி.எஸ். வேண்டாம் என்றால் இன்னொருவர் கிளினிக்கில் சொற்பக் காசுக்கு உட்கார வேண்டும்.

அப்படியானால் சம்பாதிக்கும் பல் டாக்டரே இல்லையா? நிறைய இருக்கிறார்கள். அப்பா கட்டிவைத்த கிளினிக் உள்ளவர், ஒரே தெருவில் 15 வருடம் பொறுமையாக உட்கார்ந்து பேர் வாங்கியவர். அங்கே காசு தருவது கைராசியும் காலமும். வெறும் பட்டம் அல்ல.

பட்டத்தில் உடனே காசு பார்ப்பது தனியார் கல்லூரிதான். 2020-21ல் நாடு முழுக்க சுமார் 7,000 பி.டி.எஸ். இடங்கள் காலியாகக் கிடந்தன. அதில் அரசுக் கல்லூரி இடங்கள் வெறும் 265! 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நீட் தகுதியைக் குறைக்கச் சொன்னதோடு, கட்டணத்தைக் குறைப்பது பற்றித் தனியார் கல்லூரிகள் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆக, மாணவர்கள் பல் மருத்துவத்தை மட்டும் பார்த்து ஓடவில்லை. விலையையும் பார்த்துத்தான் ஓடினார்கள்.

வேலை பிடித்திருக்கிறதா, அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கிறதா? யோசிக்காமல் சேருங்கள். நிலத்தை விற்றுத்தான் சேர வேண்டுமா? முதலில் அந்தக் கல்லூரியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இங்கே படிச்சு முடிச்சவங்க இப்போ எவ்வளவு சம்பாதிக்கிறாங்க?" பதில் வராவிட்டால், அதுதான் பதில்.