"கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு, விசேஷம் இல்லையா?" உடல் எடைக்கும் கருத்தரிப்புக்கும் என்ன தொடர்பு?

தென்காசின்னாலே குற்றாலச் சாரலும் பார்டர் பரோட்டாவும்தான் நினைவுக்கு வரும். ஆனால், இந்த மாவட்டத்தில் பல பெண்களின் நாள் பீடி சுற்றியபடி, உட்கார்ந்த இடத்திலேயே கழிகிறது. உடல் அசைவு குறைந்தால் எடை ஏறும்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. 2015-16இல் இது 30.9 சதவீதம்.

கருத்தரிப்பு ஏன் தள்ளிப்போகிறது?

கொழுப்பு கூடும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஈடுகட்ட உடல் கூடுதலாக இன்சுலின் சுரக்கும். அது சினைப்பையில் ஆண் ஹார்மோனை அதிகரிக்கும். இதனால் கருமுட்டை வெளியாவது தடைபட்டு, மாதவிடாய் ஒழுங்கு தவறலாம்.

பெண்தான் காரணமா?

இல்லை. அதிக எடை ஆண்களின் ஹார்மோனையும் விந்தணுவையும் பாதிக்கும். பரிசோதனை இருவருக்கும் அவசியம்.

கர்ப்பமான பிறகு?

கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கருச்சிதைவு, சிசேரியன் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடும். அதற்காக கர்ப்ப காலத்தில் பட்டினி கிடந்து எடை குறைக்கக் கூடாது. ஆரம்பத்திலேயே சர்க்கரைப் பரிசோதனை செய்யணும்.

எவ்வளவு குறைக்கணும்?

ஒல்லியாக வேண்டியதில்லை. 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகும். அதாவது, 70 கிலோ இருப்பவருக்கு மூன்றரை முதல் 7 கிலோ.

ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லையா? 35 வயதைத் தாண்டியவர்கள் என்றால் 6 மாதம் போதும். தம்பதியாகவே டாக்டரைப் பாருங்க.