கேள்வி கேட்ட சீடர்

கொடிய குருவிடம் சிக்கித் தப்பும் பிள்ளைகளின் மாயக்கதை யாருக்குத்தான் பிடிக்காது? அப்படி ஒரு கதை காஞ்சீபுரத்தை அடுத்த செவிலிமேட்டிலும் உண்டு.

தந்தையை இழந்த இராமாநுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டார். குருவின் விளக்கம் தவறு என்று துணிந்து சொன்னார். கோபம் கொண்ட குரு, காசி யாத்திரையில் அவரைக் கொல்லத் திட்டமிட்டாராம்!

உடன் படித்த தம்பி முறையான கோவிந்தர் இரகசியமாக எச்சரித்தார். காட்டில் தவித்தவருக்கு வேடர் தம்பதி துணை வந்தனர். செவிலிமேட்டுச் சாலைக்கிணற்று நீரை அவர் கையால் வாங்கிக் குடித்து மறைந்தனர். வந்தவர்கள் பெருமாளும் தாயாரும் என்பது வைணவர் நம்பிக்கை. பின்னாளில் அந்தக் குருவே இராமாநுஜருக்குச் சீடரானாராம்.

கேள்வி கேட்கும் பிள்ளை பகைவன் அல்ல. பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் மட்டும் போதுமா? ஆசிரியர் மனத்தில் அன்பும் வேண்டும்!