எல்லாத்துக்கும் ‘ஹக்’ எண்டு சொன்னால் எப்பிடி?

எங்கட ஆக்களிட்ட இணையத்தில் நடக்கிற எல்லாக் கேட்டுக்கும் ஒரே பெயர்தான்: ஹக். வட்ஸ்அப் பறிபோனாலும் ஹக், பேஸ்புக்கில் ஆரோ எங்கட படத்தைப் போட்டுப் போலிக் கணக்குத் திறந்தாலும் ஹக், வங்கிக் கணக்கில் காசு குறைஞ்சாலும் ஹக், போன் கொஞ்சம் சூடாகினாலும் ஹக். காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன மருந்து கிடைக்கும்?

‘ஹக் பண்ணிட்டாங்கள்’ என்ற வசனத்துக்குள் ஒரு கைவிரிப்பும் ஒளிந்திருக்கிறது. எங்கேயோ இருட்டறைக்குள் தொப்பி போட்ட ஒரு மேதை இருக்கிறான், அவன் நினைத்தால் எதையும் உடைப்பான், பாவம் நாங்கள் என்ன செய்யிறது என்ற கைவிரிப்பு. எங்களைச் சுற்றி நடக்கிற பெரும்பாலான களவுகளில் எந்த மேதையும் இல்லை. கேட்கிறான், குடுக்கிறோம். அவ்வளவுதான்.

வட்ஸ்அப் களவையே எடுப்போம். தெரிந்த ஒருவரின் கணக்கிலிருந்து மெசேஜ் வரும்: “அக்கா, பிழையா உங்கட நம்பருக்கு ஒரு கோட் வந்திட்டு, ஒருக்கா அனுப்பி விடுங்கோ.” கோட் உண்மையாகவே வந்திருக்கும், ஆறு இலக்கம். அது ஏன் வந்தது? மறுபக்கத்தில் இருப்பவன் தன்னுடைய போனில் வட்ஸ்அப்பைத் திறந்து உங்கட நம்பரை அடித்திருக்கிறான். ‘இந்த நம்பரின் சொந்தக்காரர் நீதானா?’ என்று வட்ஸ்அப் கேட்கிற கேள்விதான் அந்தக் கோட். அதை அனுப்பினால், ‘ஓம், இவன்தான் நான்’ என்று நாங்களே கையெழுத்து வைத்துக் குடுத்த மாதிரி. அதுக்குப் பிறகு உங்கட பெயரில் மாமிக்கு மெசேஜ் போகும்: அவசரமா காசு தேவை, பின்னேரம் திருப்பித் தாறன். உங்களிட்ட கேட்டவரின் கணக்கும் இப்படிப் பறிபோனதாகத்தான் இருக்கும்.

இதை ஹக் என்று சொல்கிறவர் அழுதுகொண்டு போனை ஓஃப் பண்ணி வைப்பார். நடந்தது என்னவென்று தெரிந்தவர் உடனே தன்னுடைய போனில் தன் நம்பரைத் திரும்பப் பதிவார். எஸ்எம்எஸ்ஸில் வருகிற புதுக் கோட்டைப் போட்ட கணமே கள்ளன் வெளியே போய்விடுவான். அவன் இதற்கிடையில் ஒரு பின் நம்பரைப் போட்டு வைத்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க நேரலாம். ஆனால் அந்த ஏழு நாளும் அவனாலும் உள்ளே வர ஏலாது. போலி லிங்கில் காட் விபரமும் ஓடிபியும் குடுத்துவிட்டால் கதை வேறு, முதல் வேலை வங்கிக்கு கோல் எடுத்து காட்டை நிறுத்துவது. ஒரே பாஸ்வேர்டைப் பத்து இடத்தில் போட்டு ஓரிடத்தில் கசிந்திருந்தால் பத்தையும் மாற்ற வேணும். போலிக் கணக்கு என்றால் பாஸ்வேர்டை மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை, அந்தக் கணக்கை ரிப்போர்ட் பண்ணத்தான் வேணும். பெயர் பிழைத்தால் முதல் பத்து நிமிசம் வீணாகும். காசு போவது அந்தப் பத்து நிமிசத்தில்தான்.

சரி, சொற்களை எங்களுக்கு ஆர் சொல்லித்தருகினம்? இங்கே இரண்டு கோஷ்டி இருக்கிறது, இரண்டோடும் எங்களுக்குக் கோபம். ஒன்று, மொழிபெயர்ப்புக் கோஷ்டி. ‘இரு காரணி அங்கீகாரத்தைச் செயற்படுத்துக’ என்று எழுதுவார்கள். ஓ/எல் கணிதத்தில் காரணி கண்டு களைத்த ஒருவருக்கு இதில் என்ன விளங்கும்? ‘உங்கட கணக்குக்கு இரண்டாவது பூட்டு ஒன்று போடுங்கோ, முதல் திறப்பு களவு போனாலும் இது காப்பாற்றும்’ என்று எழுதினால் தமிழ் தேய்ந்தா போய்விடும்? ‘தீச்சுவர்’ என்றும் ஒன்று உண்டு. கேட்டால் நெருப்பாலே கட்டின சுவர் போல இருக்கிறது. மூலச் சொல்லோ, ஒரு கட்டடத்தில் பிடித்த நெருப்பை அடுத்த பக்கம் போகவிடாமல் மறிக்கிற சுவரைக் குறித்தது. கருத்து தலைகீழாகிப் போச்சு.

மற்றது ஐடி கோஷ்டி. ‘இதெல்லாம் இங்கிலிஷிலதான் விளங்கும்’ என்று சொல்லி ஃபிஷிங், மல்வெயார், என்கிரிப்ஷன் என்று அடுக்கிவிட்டுப் போவார்கள். அவர்கள் தருகிற அரைகுறை விளக்கம் சில நேரம் சொல்லாமல் விட்டதைவிட ஆபத்து. ‘பூட்டு அடையாளம் இருந்தால் அந்த இணையத்தளம் பாதுகாப்பானது’ என்று வருசக்கணக்காகச் சொல்லித் தந்தார்கள். அந்தப் பூட்டு சொன்னது ஒன்றே ஒன்று: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையிலான பாதையில் ஆரும் ஒட்டுக்கேட்க முடியாது. பாதையின் மறுமுனையில் இருப்பவன் கள்ளனா என்று அது சொல்லவே இல்லை. கள்ளத் தளங்களும் பூட்டோடுதான் வருகின்றன. இந்தக் குழப்பத்தால்தான் 2023இல் குரோம் அந்தப் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது. எங்கட துண்டுப்பிரசுரங்களில் அது இன்னும் தொங்குகிறது.

ஏதாவது நடந்தால் பழி மட்டும் பயனரின் தலையில். ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை.’ நல்லது. 2023 ஓகஸ்ட்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமையை ரான்சம்வெயார் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்புக்குக் கப்பம் கேட்கிற வேலைதான் ரான்சம்வெயார். அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். காரணம், அந்தக் காலத்துக்கு பக்கப் இல்லை. மென்பொருளும் பழையது. ‘அப்டேட் பண்ணுங்கோ, பக்கப் எடுங்கோ’ என்று எங்கட அம்மாவுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் முதலில் இதுக்குப் பதில் சொல்லட்டும்.

அம்மா எங்கே போவா? கொமினிகேஷன் கடைக்கு. ஒரு விண்ணப்பம் போட ஈமெயில் வேணும் என்பார்கள். கடைத் தம்பி திறந்து குடுப்பான், பாஸ்வேர்டாக அம்மாவின் போன் நம்பரையே போடுவான், அதைத் தன் கொப்பியில் எழுதியும் வைப்பான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அடுத்த முறை மறந்துவிட்டு வருவா என்று அவனுக்குத் தெரியும். போன் திருத்தக் குடுத்தால் பற்றனையும் ஒரு துண்டில் எழுதிக் குடுக்கிறோம். உள்ளே இருக்கிற படங்கள், மெசேஜ்கள் எல்லாம் இரண்டு நாள் ஒரு மேசையில் திறந்து கிடக்கும்.

எங்களுக்கு இது வெறும் சொல் பிரச்சினை இல்லை என்று தோன்றுவது இந்த இடத்தில்தான். சொல் தெரியாதவரின் சாவி எப்பவும் சொல் தெரிந்தவரின் கையில் இருக்கிறது. வீட்டில் அது அண்ணா. கம்பஸில் அது காதலன். ‘உனக்கு உது விளங்காது, தா, நான் பாத்துத்தாறன்’ என்று வாங்குவான். ஒரு நிமிசம் போன் கையில் இருந்தால் போதும், வட்ஸ்அப்பைத் தன் மடிக்கணினியோடு இணைத்துவிடலாம். பிறகு அவள் ஆரோடு என்ன கதைத்தாலும் அவன் வாசிப்பான். ‘இது எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட்தானே, ஒருத்தரும் பாக்க ஏலாது’ என்று அவள் நம்பிக்கொண்டிருப்பாள். அந்தப் பாதுகாப்பு வழிக்கு மட்டும்தான். வீட்டுக்குள் ஆள் இருந்தால் தெருவில் காவல் போட்டு என்ன செய்ய?

அவள் கண்டுபிடித்தாலும் ‘என்ரை வட்ஸ்அப்பை ஹக் பண்ணிட்டாங்கள்’ என்றுதான் சொல்லுவாள். அந்தச் சொல்லில் செய்தவன் இல்லை, ஆரோ ‘ஆங்கள்’ செய்தது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், நுழைந்தவன் உறவுக்காரன் என்பதற்காக அது இல்லாமல் போகாது. ஆனால் முறைப்பாடு குடுக்க முதலில் நடந்ததைச் சொல்லத் தெரிய வேணும்: ‘இன்னார் என்ரை போனை வாங்கி, என்ரை கணக்கைத் தன்ரை கருவியோடு இணைத்தார்.’

தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் அரசகரும மொழி. அப்படியிருக்க ஓடிபி வருகிற எஸ்எம்எஸ் ஏன் எங்கட அம்மாமாருக்கு இன்னும் இங்கிலிஷில் வருகிறது? ‘இது உங்கட காசுப் பெட்டியின் திறப்பு. வங்கி ஆளே கேட்டாலும் சொல்ல வேண்டாம்’ என்று இரண்டு வரி. வங்கிகளிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். இதை வாசித்து முடித்ததும் வட்ஸ்அப்புக்குள் போய் ‘லிங்க்ட் டிவைசஸ்’ என்று இருப்பதைத் திறந்து பாருங்கோ. உங்களுக்குத் தெரியாத கருவி ஒன்று இருந்தால் முதலில் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ, அதுக்குப் பிறகு லொக் அவுட் பண்ணுங்கோ. பிறகு அம்மாட போனையும் வாங்கி, அவாவையே அமத்தச் சொல்லிப் பாருங்கோ.