கடவுச்சொல்லும் கடவுளும்

'பாஸ்வேர்ட்' என்பதைத் தமிழில் கடவுச்சொல் என்கிறோம். கடவு என்றால் வழி. ஆண்டாப் ஹில்லில் எங்கள் கட்டடத்துப் பெரியவர்கள் அதைக் 'கடவுள் சொல்' என்றே உச்சரிக்கிறார்கள். தப்பில்லை. பெரும்பாலும் அது ஒரு சாமி பெயர்தான்.

ஆனால் முருகன் பெயரை மட்டும் சொன்னால் இப்போது வாசல் திறப்பதில்லை. ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி எல்லாம் சேர வேண்டும். தொண்ணூறு நாளில் மாற்று என்று சில தளங்கள் கட்டளை வேறு போடுகின்றன. முருகன்1, முருகன்2 ஆகிறார். ஒன்றரை வருடத்தில் அறுபடை வீடும் தீர்ந்துவிடும்.

இந்த விதிகளைப் பரப்பியது அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்த பில் பர் என்பவர் 2003இல் தயாரித்த வழிகாட்டி. 2017இல் அவரே, தாம் சொன்னவற்றில் பலவற்றுக்கு இப்போது வருந்துவதாகப் பத்திரிகைப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் விதியைத் திருத்தியது: திருடு போனதாகத் தெரிந்தால் ஒழிய மாற்றச் சொல்லாதீர்கள், குறிகளைவிட நீளமே பலம். அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் ஒன்றை இரண்டாக்குவார்கள். அதை ஊகிக்கத் திருடனுக்கு அதிக நேரம் ஆகாது.

நம் நாட்டில் இன்னொரு பூட்டும் உண்டு. இணையத்தில் கார்டு மூலம் பணம் செலுத்தக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று 2009 ஆகஸ்டிலிருந்து ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. ஓடிபி நம் வீடுகளில் புழக்கத்துக்கு வந்தது இப்படித்தான். கார்டு எண்ணை மட்டும் திருடியவனை அது தடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், ஆளுக்கொரு போன், தெளிவான கண், கொஞ்சம் ஆங்கிலம் எல்லோருக்கும் உண்டு என்று அது கணக்குப் போடுகிறது.

எங்கள் மாடியில் கண் மங்கிய மாமி ஒருவர் பக்கத்து வீட்டுப் பையனிடம் போனை நீட்டி, "வந்த நம்பரைப் படிச்சுச் சொல்லுப்பா" என்கிறார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதே செய்தியில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. பையன் நல்லவன். பிரச்சினை அவனல்ல. ரகசிய எண்ணை இன்னொருவரிடம் கொடுப்பது மாமிக்கு அன்றாடப் பழக்கமாகிவிட்டது. நாளை 'பேங்கிலிருந்து பேசறேம்மா' என்று ஒரு கனிவான குரல் கேட்டால், அதுவும் இன்னொரு பையன்தானே?

பணம் போன பிறகுதான் கணக்கு பேசும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, ரகசியத்தை வாடிக்கையாளரே வெளியிட்டிருந்தால், வங்கிக்குத் தகவல் தரும்வரை ஏற்படும் முழு நஷ்டமும் அவர் தலையில். பூட்டைச் செய்தவர் தப்பித்துவிடுவார்.

ஆகவே பெரியவர்கள் வீட்டு போனுக்குப் பக்கத்தில் இரண்டு வரியைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒன்று: போனில் நம்பர் கேட்பவர் யாரானாலும் வைத்துவிடு. இரண்டு: பணம் போனால் அந்த நிமிஷமே வங்கிக்கும் 1930க்கும் போன் செய். வங்கிகள் இதைத் தமிழில் சொல்லும்வரை நாம்தான் சொல்ல வேண்டும்.