24ஆம் அதிகாரத்துடன் நின்றுவிடும் விசுவாசம்

ரொறன்ரோவில் வாழும் எனது சகோதரியின் மகன் அண்மையில் தொலைபேசியில் அழைத்தான். சுகம் விசாரித்த பின்னர், "மாமா, அடையாளங்கள் எல்லாம் நிறைவேறிக்கொண்டு வருகுது. நீங்கள் ஆயத்தமாக இருக்கிறியளோ?" என்று கேட்டான். கொவிட் பெருந்தொற்று, உக்ரேன் யுத்தம், 2023 ஒக்டோபரில் இஸ்ரேலிலும் காஸாவிலும் தொடங்கிய பேரழிவு ஆகிய யாவும் கடைசிக் காலத்தின் அட்டவணைப்படியே நிகழ்கின்றன என்பது அவன் செல்லும் சபையின் போதனை. என்மீதுள்ள அன்பினாலேயே அவன் அவ்வாறு கேட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எனினும், அன்று அவனுக்கு என்னால் ஒழுங்காகப் பதிலளிக்க முடியவில்லை. இக்கட்டுரையை அவனுக்கான பதிலாகவும் கொள்ளலாம்.

இக்கேள்வி எனக்குப் புதியதல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி விடுமுறை தினமும் கூட. முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை, காலி எனக் கரையோர மாவட்டங்களிலிருந்து வந்துகொண்டிருந்த மரண எண்ணிக்கையை மணிக்கு மணி திருத்திக்கொண்டு செய்தி மேசையில் அமர்ந்திருந்தேன். இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. சில தினங்களின் பின்னர், எமது காரியாலயத்திற்குத் துண்டுப்பிரசுரம் ஒன்று வந்து சேர்ந்தது. கடலின் முழக்கம் ஆண்டவரின் வருகைக்கான அடையாளம் என்றும், விசுவாசிகள் மகிழ்ந்திருக்க வேண்டும் என்றும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. அவ்வேளையில், அடையாளம் காணப்படாத சிறுவர்களின் புகைப்படங்கள் என் மேசையில் கிடந்தன. பிரசுரத்தை எழுதியவருக்கு அச்சிறுவர்கள் வெறும் அடையாளம் மாத்திரமே. எனக்கும் நான் வளர்ந்த சபைக்கும் இடையிலான தூரம் அன்றுதான் ஆரம்பித்தது.

இறுதி நாளைக் கணக்கிட முயன்றவர்களின் வரலாறு நீண்டது. அமெரிக்காவில் விவசாயியாக இருந்து போதகரான வில்லியம் மில்லர், தானியேல் ஆகமத்தின் 2,300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு கணக்கிட்டார். அவரது இயக்கத்தினர் இறுதியில் 1844 ஒக்டோபர் 22 என நாள் குறித்தனர். அறுவடையைக் கைவிட்டுக் காத்திருந்தோரும் இருந்தனர். மறுநாள் வழமைபோலவே விடிந்தது. வரலாற்றாசிரியர்கள் அதனை 'மாபெரும் ஏமாற்றம்' என்றே அழைக்கின்றனர். வானொலிப் போதகரான ஹரோல்ட் கம்பிங் முதலில் 2011 மே 21 என்றார். பின்னர் ஒக்டோபர் 21 என்றார். வாழ்நாள் சேமிப்பை விளம்பரங்களுக்குச் செலவிட்ட ஆதரவாளர்களும் உளர். தாம் நாள் குறித்தது பாவம் என 2012இல் அவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டதைப் பாராட்டவே வேண்டும். 2013இல் அவர் காலமானார்.

நாள் குறிப்பவர்கள் பெரிதும் நாடும் மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்திலேயே, அந்த நாளைப் பிதாவைத் தவிர வேறெவரும் அறியார் என்று கூறப்பட்டுள்ளது. அதனைவிட முக்கியமானது, பேச்சு அங்கே முடிந்துவிடவில்லை என்பதாகும். 25ஆம் அதிகாரத்தின் இறுதியில் நியாயத்தீர்ப்பு வருகிறது. பசித்தவனுக்கு உணவளித்தாயா, அந்நியனை ஏற்றுக்கொண்டாயா, சிறையில் இருந்தவனைச் சென்று பார்த்தாயா என்பவையே அங்கு கேட்கப்படும் கேள்விகள். அடையாளங்களைச் சரியாகக் கணித்தாயா என எவரிடமும் கேட்கப்படவில்லை.

இதனால், இறுதிக்கால நம்பிக்கை முழுவதும் மடமை என்று நான் கூறவில்லை. வெளிப்படுத்தல் ஆகமம் ரோமப் பேரரசின் கீழ் வாழ்ந்த சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. அநீதியான வல்லரசு நிலைத்திராது என்பதே துன்புற்ற அம்மக்களுக்கு அதில் கிடைத்த ஆறுதல். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்தி வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் எமது தாய்மாருக்கு, இறுதித் தீர்ப்பு ஒன்று உண்டு என்ற நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பதை நான் அறிவேன். அதனைப் பறிக்க எனக்கு உரிமையில்லை. துன்புறுவோரின் ஆறுதலை, துன்பத்தைத் தூரத்தில் நின்று பார்ப்போர் தமது கால அட்டவணையாக்கிக் கொள்வதையே நான் மறுக்கிறேன்.

நான் ஜெபத்தைக் கைவிடவில்லை. அதன் முறைதான் மாறிவிட்டது. முன்னர் எனது ஜெபம் கடவுளிடம் சமர்ப்பிக்கும் விண்ணப்பப் படிவம் போன்றிருந்தது. இப்போது இரவில் கதவைச் சாத்திக்கொண்டு, அன்றைய செய்திகளில் கண்ட ஒருவரையாவது மனதில் நிறுத்திச் சில நிமிடங்கள் மௌனமாக இருக்கிறேன். கிறிஸ்துவை ஆழமாக நேசித்தும் திருமுழுக்குப் பெறத் தயங்கி, திருச்சபையின் வாசலிலேயே நின்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய், முழுமையான கவனமே ஜெபம் எனக் கருதினார். 1943இல், 34 வயதில் மறைந்த அவரது எழுத்துகளே எனது தயக்கத்திற்குத் துணைநின்றன.

சபைக்கு வெளியே நிற்பதில் இழப்பும் உண்டு. 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தின் மீது குண்டு விழுந்தபோது, இடம்பெயர்ந்த மக்கள் அங்கு தஞ்சமடைந்திருந்தனர். கதவைத் திறந்து அவர்களை உள்ளே அழைத்தது ஸ்தாபன மதமே. தனி ஒருவனின் அறையில் அத்தனை பேருக்கு இடமில்லை. அம்மாவின் மரணச் சடங்கன்று என் வீட்டிற்கு முதலில் வந்தவர்களும் சபையினரே. நான் ஏன் ஆராதனைக்கு வருவதில்லை என அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. எனவே, வெளியே நிற்பதனை நான் பெருமையாகக் கூறிக்கொள்வதில்லை.

மருமகனுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஆயத்தமாக இருக்கிறேனா என்று எனக்குத் தெரியாது. காஸாவில் மடியும் குழந்தை, வரவேண்டிய ஒன்றின் அடையாளம் அல்ல. அது ஒரு குழந்தை. அதற்காக நீயும் ஜெபி, நானும் ஜெபிக்கிறேன். அடுத்த முறை அழைக்கும்போது 25ஆம் அதிகாரத்தைப் பற்றிப் பேசுவோம்.